தலையைக் காயப்போட்ட காலம்

என் தலையில் விழுந்தது ஒரு பனிமலை. மிகைப்படுத்தவில்லை. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், அடுத்த வருடத்துக் காலண்டர் அட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பரணில் அடுக்கியிருந்தோம். ஆடி பிறந்து ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்தன. மை காய்ந்ததா என்று பார்க்க நான் குனிந்த நேரத்தில் மேலிருந்து ஒரு கட்டு நழுவி என் உச்சந்தலையில் இறங்கியது. அதில் இருந்தது பனிமலைப் படம். மலைக்குக் கீழே ஒரு ஏரி, ஏரியில் ஒரு படகு, படகில் ஆள் இல்லை. நினைவு திரும்பியதும் நான் முதலில் பார்த்தது அந்தப் படகைத்தான். ஏறி உட்கார்ந்து எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றியது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில் ஒன்று. செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது. மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, எந்தச் சாமி படம் விழுந்தது என்பதுதான். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி. முருகன் விழுந்தால் ஒரு அர்த்தம், காளியம்மன் விழுந்தால் வேறு அர்த்தம். லட்சுமி விழுந்திருந்தால் வாழ்த்திவிட்டே போயிருப்பார்கள். பனிமலை என்றதும் வந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. என் அம்மாவுக்குத்தான் பெரிய சங்கடம். சாமி விழுந்திருந்தால் அந்தச் சாமியிடமே நேர்ந்துகொள்ளலாம், பனிமலையிடம் என்னவென்று நேர்ந்துகொள்வது? யோசித்துப் பார்த்துவிட்டு, கேட்க ஆளில்லாத வழக்கெல்லாம் இருக்கன்குடி மாரியம்மனுக்குத்தான் என்று அவளே முடிவு செய்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை. மூளை உள்ளே குலுங்கியிருக்கிறது, அதுவாக அடங்க வேண்டும், இருட்டறையில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மண்டைக்குள் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கூட வந்திருந்த என் மாமனார் அதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மண்டைக்குள் ஒன்றுமில்லையாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. வெளிச்சம் குத்தியது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. தட்டில் டம்ளரை வைத்தால் தலைக்குள் யாரோ இரும்புக் கதவைச் சாத்துவது போல இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னை அறியாமல் பல்லைக் கடித்தேன். கடித்துக் கடித்துத் தாடை பூட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் ஒரு விரல்தான் நுழையும், அதற்குள் காதுக்கு முன்னால் சுரீர் என்று ஏறும். கஞ்சி, கரைத்த இட்லி, மறுபடி கஞ்சி. பல் முளைக்காத குழந்தைக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு.

குழந்தை என்றதும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது மூன்று வயது முடிந்த ஒரு மகள். அவளுக்குப் பேச்சு என்பதே கூவல்தான். தண்ணீர் வேண்டும் என்பதை ஊருக்குத் தண்டோரா போடுகிற மாதிரி சொல்வாள். சாயங்காலம் நான் சைக்கிளில் தெருமுனை திரும்பும்போதே "அப்போய்" என்று ஒரு குரல் வரும், தெருவில் கட்டியிருக்கும் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும். வீட்டில் யார் கண்டித்தாலும் நான் விடமாட்டேன். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு அந்த ஒரு குரல்தான் மருந்து மாதிரி. இப்போது அவள் பக்கத்து அறையில் சிரித்தாலே எனக்கு வாந்தி வந்தது. ஒருநாள் அவள் ஓடிவந்து என் காதுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். நான் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்து, தலையணையால் காதை மூடிக்கொண்டு நடுங்கினேன். அவள் விளையாட்டு என்று நினைத்து இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

அன்றைக்கே மனைவி துணிமணியைக் கட்டினாள். கோபத்தில் இல்லை, பயத்தில். தாயில்பட்டியில் இருக்கும் அவள் அப்பா வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போனார். தலை சரியாகும்வரை பிள்ளை அங்கே இருக்கட்டும் என்பது ஏற்பாடு. தலை சரியாகிவிட்டது என்று யார் முடிவு செய்வது என்பதை மட்டும் அப்போது யாரும் பேசவில்லை. அந்தப் பொறுப்பை என் மாமனார் தானாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். வேலையில் கண்டிப்பானவர், நல்ல மனுசன். உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அவர் பட்டாசாகத்தான் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோதுகூட, திரி நீளமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானம் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அது பாராட்டா இல்லையா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

வீடு வெறிச்சென்று ஆனது. அம்மா சத்தமில்லாமல் வேலை செய்தாள், சட்டி பானைகளுக்கு அடியில் கிழிந்த துணியை மடித்து வைத்தாள். நான் இருட்டில் படுத்திருந்தேன். மனைவி போனில் பேசுவாள். முதல் வாரத்தில் மகள் போனில் கத்தினாள், நான் போனை எறிந்துவிட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரல் குறைந்தது. பிறகு வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தாயில்பட்டியில் டவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தீபாவளிக்கு முன்னால் அவள் வீட்டுக்கு வர வேண்டும். வந்து, தன் இஷ்டத்துக்குக் கூவ வேண்டும். அதை நான் காது பொத்தாமல் கேட்க வேண்டும்.

விருதுநகரில் கையாலேயே தலைக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் இருப்பதாக அச்சகத்துக் கணக்கர் சொன்னார். அவர் தங்கைக்குத் தாடை பூட்டிக்கொண்டபோது அங்கேதான் போனாளாம். மதுரை டாக்டரிடம் கேட்டதற்கு, கழுத்தை முறுக்காமல் மென்மையாகச் செய்வதானால் செய்து பாருங்கள் என்றார். நம்பிக்கையோ மறுப்போ அவர் குரலில் இல்லை.

அந்த டாக்டரம்மா பெங்களூரில் பிசியோதெரபி படித்து, அதற்கு மேல் இந்த மண்டையோட்டு வைத்தியத்தையும் கற்றவர். வாக்கப்பட்டு வந்தது விருதுநகரில் தலைமுறையாக வற்றலும் மல்லியும் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு. கீழே மிளகாய் வற்றல் குடோன், மேலே வைத்தியசாலை. அமைதிதான் மருந்து என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் அத்தனை பேரும் தும்மிக்கொண்டிருப்பார்கள். பூட்டிய தாடையோடு தும்முவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். தும்மல் வெளியே வர வழியில்லாமல் மண்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். லோடு இறங்காத நாளாகப் பார்த்து வரச் சொல்வதற்கென்றே அவர் தன் மாமனாரிடம் போன் செய்து கேட்டுக்கொள்வார். மிளகாய் வரத்துக்குத் தகுந்தபடிதான் என் மண்டைக்கு நாள் குறித்தார்கள்.

வைத்தியம் என்று நான் எதிர்பார்த்தது வேறு. சலூனில் மாதிரி தலையைப் பிசைவார்கள், கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். அந்த அம்மா என்னைப் படுக்க வைத்து, பின்மண்டைக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நான் காத்திருந்தேன். காத்திருந்ததில் பாதி நேரம் போய்விட்டது. அப்புறம் விரல்கள் நெற்றிப்பொட்டுக்கு வந்தன, காதுக்கு முன்னால் தாடை சேரும் இடத்துக்கு வந்தன. கடைசியில் கையுறை போட்டுக்கொண்டு கடைவாய்க்குள் ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார். அங்கே இருந்த சதைக் கட்டு பாறை மாதிரி இறுகியிருந்தது. அதுதான் வலித்தது, மற்றபடி பூ விழுந்த மாதிரிகூட இல்லை.

"அண்ணாச்சி, பல்லைக் கடிக்காதீங்க. தாடையைத் தொங்க விடுங்க," என்றார். நான் கடிக்கவில்லை என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. "சிவகாசிப் பக்கம் இருந்து வாரவுக எல்லாருமே கடிச்சுக்கிட்டுத்தான் படுக்காக. எப்பவும் எங்கேயோ ஒன்னு வெடிக்கப் போகுதுங்கிற மாதிரி."

 

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கத் தாயில்பட்டிக்குப் போவேன். பார்க்க என்றால் தூரத்திலிருந்து. மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், மகள் கையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். பிறகு என் மாமனார் என்னைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போவார். அங்கேதான் சோதனை. கம்பெனியில் புதுச் சரக்குக்கு எப்படி மாதிரி எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்களோ, அதே முறை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பட்டாசு சரியாக வெடிக்கிறதா என்று பார்ப்பதில்லை, மாப்பிள்ளை சரியாக இருக்கிறாரா என்று பார்ப்பது.

முதலில் கம்பி மத்தாப்பு. அது சத்தமே போடாது, வெளிச்சத்துக்காக. கண்ணைச் சுருக்கினேன், ஆனாலும் தேறினேன். அடுத்த வாரம் புஸ்வாணம். அதற்கடுத்து சங்குசக்கரம். மாமா ஊதுபத்தியால் பற்றவைத்துவிட்டு, பட்டாசைப் பார்க்காமல் திரும்பி நின்று என் முகத்தைப் பார்ப்பார். கடிகாரத்தையும் பார்ப்பார். ஓலைவெடியில்தான் மாட்டினேன். சின்னப்பிள்ளைகள் கையில் பிடித்துப் போடும் வெடி அது. அது 'பட்'டென்றதும் நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். தாடை மறுபடி இறுகியது.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். "சரக்கு நல்ல சரக்குதான் மாப்ளே. இன்னும் காயணும்," என்றார்.

கோபம் வந்தது எனக்கு. நான் என்ன மருந்து தடவி வெயிலில் போட்ட திரியா? ஆனால் அந்த ஊரில் காயாத சரக்கை யாரும் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். அந்த மனுசருக்குத் தெரிந்த அன்பு அது. சொல்லப்போனால், ஓலைவெடிக்கு விழுந்தவனிடம் என் மகளை எப்படி அனுப்புவது? அவள் சத்தத்துக்கு முன்னால் ஓலைவெடி எம்மாத்திரம்?

இடையில் அம்மா தன் வழியில் முயன்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கோயிலுக்கு வெளியே உருவத் தகடு விற்பார்கள். கண்ணில் கோளாறு என்றால் கண், காலில் என்றால் கால், இப்படி அந்தந்த உறுப்பை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது வழக்கம். கண் இருந்தது, கை இருந்தது, வயிறு இருந்தது, தேள்கூட இருந்தது. தாடை இல்லை. கடைக்காரர், தாடை தனியாக வராது, முழு முகமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. நல்லா இருக்கிற மூக்குக்கு எதுக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டாள். முழு முகத்தைக் கொடுத்தால் அம்மன் குழம்பிப்போய், சரியாக இருக்கிற கண்ணில் கை வைத்துவிடுவாளோ என்பது அவள் பயம். வாக்குவாதம் நீண்டு, கடைசியில் கடைக்காரர் ஒரு கத்தரியை எடுத்து முகத் தகட்டை மூக்குக்குக் கீழே நறுக்கிக் கொடுத்தார். நாங்கள் கீழ்ப்பாதியைச் செலுத்திவிட்டுத் திரும்பும்போது, மேல்பாதி தட்டில் இல்லை. தலைவலிக்கு என்று ஒரு அம்மா வாங்கிப் போய்விட்டதாகக் கடைக்காரர் சந்தோசமாகச் சொன்னார்.

ஐப்பசி நெருங்கியது. மழை வரும்போலிருந்தது, சரக்கு காயவில்லை என்று கம்பெனியெல்லாம் பரபரத்தது. என் தலையும் காயவில்லை. டாக்டரம்மாவிடம் போய்வந்ததில் தாடை கொஞ்சம் இளகியிருந்தது, தூக்கம் வந்தது, படித்த வரி நினைவில் நின்றது. ஆனால் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கையிலிருக்கும் சீசன் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, அந்த வைத்தியம் என்னதான் செய்கிறது என்று பார்க்க என்னோடு விருதுநகருக்கு வந்தார்.

அரை மணி நேரம் சுவரோரமாக நின்று பார்த்தார். கீழே லோடு இறங்கியது, தும்மினார். ஒரு சத்தமும் வராமல் வைத்தியம் முடிந்ததும் அவர் முகம் வாடிப்போனது. எங்கள் பக்கத்தில் சத்தம் வராத சரக்கு என்றால் நமத்துப்போன சரக்கு. ஒரே ஒரு சொடக்காவது எடுத்து அனுப்பக் கூடாதா என்று பவ்யமாகக் கேட்டார். அடிபட்ட தலையில் அப்படியெல்லாம் செய்யவே கூடாது என்று அந்த அம்மா அதே பவ்யத்தோடு சொன்னார். சரி, எம்புட்டு அழுத்தம்தான் கொடுக்கீக என்று மாமா கேட்டார்.

"ஒரு ரூவாக் காசை நெத்தியில வச்சா எம்புட்டு கனமோ, அம்புட்டுத்தான்," என்றார் அவர்.

 திரும்பும் வழியில் மாமா பொரித்த பரோட்டா சாப்பிட்டார், நான் சால்னாவை மட்டும் டம்ளரில் வாங்கிக் குடித்தேன். அவர் மௌனமாக மென்றதை நான் துக்கம் என்று நினைத்தேன். அது யோசனை.

வீட்டுக்கு வந்தோம். அம்மா ரேசன் கடைக்குப் போயிருந்தாள். மாமா என்னைக் கூடத்தில் பாயில் படுக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து என் நெற்றியில் நடுவாக வைத்தார். இதற்கு எதற்கு விருதுநகர் வரைக்கும் பஸ் ஏற வேண்டும் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது தவறில்லை என்பதால் நானும் படுத்திருந்தேன். பிறகு தாடைக்கும் வேண்டுமே என்று காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் காசு வைத்தார். அவை நிற்கவில்லை, சரிந்து விழுந்தன. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, காசுகளை அமுக்கி, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் கொண்டுவந்து ஒரு முடிச்சுப் போட்டார். பட்டாசுப் பெட்டி கட்டிய கை, கட்டு கச்சிதமாக இருந்தது. காலைச் சேர்த்து நீட்டிக்கொள்ளச் சொன்னார், நெளியக் கூடாதாம், காசு விழுந்துவிடுமாம். போர்வையை மார்வரைக்கும் இழுத்துவிட்டு, நான் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன், அதுவரை வேலை செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரண்ட் போயிருந்தது. மின்விசிறிச் சத்தமும் இல்லை. நான் தூங்கிவிட்டேன். மாதக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லை.

இதற்கு மேல் நடந்ததை விளக்கத் தேவையில்லை. ரேசன் அரிசியோடு வாசல் ஏறிய என் அம்மா பார்த்தது என்ன? தலையில் அடிபட்ட மகன், கூடத்தில் கால் நீட்டி, தாடைக் கட்டும் நெற்றிக் காசுமாக மல்லாந்து கிடக்கிறான். இந்தத் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. யாரோ எல்லாம் முடித்து வைத்துவிட்டுச் சொல்லி அனுப்பப் போயிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அரிசியைப் போட்டுவிட்டு அலறினாள்.

தெரு திரண்டது. யாரும் என் மூக்கில் கை வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் காசு வைத்தாகிவிட்டதே. பெண்கள் தலையை அவிழ்த்துப்போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒப்பாரியில் பேர் உண்டு. அவர் மாரில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். வருசம் தவறாமல் தெருவுக்கே ஓசியில் காலண்டர் கொடுத்த கை என்றார்கள். மெஷினுக்கே மை பூசிய மகராசன் என்றார்கள். ஒரு சுடுசொல் சொல்லாதவன் என்றார்கள், அது சுத்தப் பொய். உயிரோடு இருந்த காலத்தில் யாரும் என்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. யாரோ நல்லவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று எனக்கே அழுகை வந்தது.

அப்போதுதான் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அவள் ஒப்பாரி பாடவில்லை. என் பேரை மட்டும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுப் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தால் துண்டு விடவில்லை. காசு மூன்றும் தரையில் உருண்டன. கூட்டம் வாசலைப் பார்த்து ஓடியது. ஓடாமல் இருந்தது அம்மா மட்டும்தான். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு முதுகில் ஓங்கி அறைந்தாள்.

மாமா டீ குடித்துவிட்டு வந்தபோது தெருவில் பந்தலுக்கு ஆள் சொல்லப் போயிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் வாசலில் வந்து நின்றார். அம்மா மாமாவைச் சம்பந்தி என்றும் பாராமல் ஏசித் தீர்த்தாள். அவர் எதையும் காதில் வாங்காமல் என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்மாய்க் கரையில் பார்ப்பது போலவே என் முகத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் அழுதாக?" என்று கேட்டார்.

நல்ல நேரம் என்றேன்.

"எத்தனை பேரு?"

தெரு பூராவும் என்றேன்.

"தலை வலிச்சுச்சா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வலிக்கவில்லை. இத்தனை பேர் காதோரம் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுததில் எனக்கு அழுகைதான் வந்தது, வாந்தி வரவில்லை. துண்டை அவிழ்த்து வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு விரல் நுழைந்தது. மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "காஞ்சிருச்சு. நாளைக்குப் பிள்ளையைக் கொண்டாந்து விட்டுருதேன்," என்றார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. இதை வேறு யாருக்கும் செய்ய வேண்டாம் என்று உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள் என்றார். காசா, உங்கள் கையா, எது குணப்படுத்தியது என்று கேட்டேன். தன் கையா, நாள் கடந்ததில் அதுவாக அடங்கியதா என்பதே தனக்கு உறுதியாகத் தெரியாது என்றார். இப்படிச் சொல்கிற வைத்தியரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே நான் வாசலில் நின்றேன். சட்டை மாற்றி, முகம் மழித்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி. தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஆட்டோச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆட்டோ வாசலில் நின்றது. மகள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது, வாய் திறந்தது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் நடந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

தூக்கினேன். கூப்பிடு பாப்போம் என்றேன். அவள் என் காதில் உதட்டை ஒட்டிவைத்து, காற்றால் மட்டும் "அப்பா" என்றாள்.

தாயில்பட்டி டவரில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே பழகிக்கொண்டாள் என்றாள் மனைவி. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் அப்பாவுக்குத் தலை வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரியாம். அங்கே தாத்தா வீட்டிலும் அவள் கதவைத் திறந்தால் சத்தம் வராதாம். பொம்மை கீழே விழுந்தால் அதன் வாயைப் பொத்துவாளாம்.  மாமா பேத்தியின் பக்கம் பார்க்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அப்பளம் பொரித்திருந்தாள். மகள் தன் பங்கு அப்பளத்தை ரசத்தில் முக்கி, அது தொய்ந்துபோகும்வரைக்கும் காத்திருந்து, பிறகு எடுத்துச் சத்தமில்லாமல் வாயில் வைத்தாள். மென்றாள். அடுத்ததை முக்கினாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தலையில் அடிபட்ட நாளிலிருந்து அந்த அளவுக்கு எனக்கு எதுவும் வலித்ததில்லை.

ஒரு முழு அப்பளத்தை எடுத்து, திறக்கிற மட்டும் வாயைத் திறந்து, அவளுக்கு நேராகக் கடித்தேன். நொறுங்கியது. தாடையில் சுரீர் என்று ஏறியது, விடவில்லை. இன்னொன்றை எடுத்தேன், இன்னும் உரக்கக் கடித்தேன். துண்டுகள் மடியெல்லாம் சிதறின. சிரிப்பாள் என்று அவளைப் பார்த்தேன்.

அவள் பயந்துபோய், நான் படுத்துக் கிடந்த இருட்டறையின் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு சோற்றுக் கையை எடுத்து மெல்ல என் வாயைப் பொத்தி, என் காதோரம் வந்து சொன்னாள்.

"சத்தம் போடக் கூடாதுப்பா. அப்பாவுக்குத் தலை வலிக்கும்."